கைசா வீட்டுப் பீப்பாய்

வெர்லின் ஸ்லெட்டனுக்கு வயிறு எரிய ஆரம்பித்து இரண்டு வருஷமாகிறது. டாக்டரிடம் போயிருந்தால் அமிலம் என்று சொல்லி மாத்திரை எழுதியிருப்பார். மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சலா அது? அதற்கு ஒரு பெயர் இருந்தது, முகவரியும் இருந்தது. கைசா கிவெலா, அதே தெருவில் இரண்டு வீடு தள்ளி, பச்சைக் கதவு போட்ட கராஜ்.

இருபத்தாறு வருஷமாக வீட்டில் பீர் காய்ச்சுகிறவன் வெர்லின். குளிர்காலம் முழுக்கக் கவுண்டி நிர்வாகத்துக்காகச் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுவான். மிச்ச நேரமெல்லாம் அவனுக்குக் கராஜும் அடுப்பும் அண்டாவும்தான். அமெரிக்காவின் ஏரிக்கரை ஊரான டுலூத்தில் வீட்டுப் பீர்க்காரர்கள் சங்கம் ஆரம்பித்த அன்றைக்கு நாற்காலி தூக்கிப் போட்டவர்களில் அவனும் ஒருத்தன். அப்படிப்பட்டவன் கண் முன்னால், பல் டாக்டரிடம் பல் சுத்தம் செய்யும் வேலை பார்க்கிற ஒருத்தி, சங்கத்தில் சேர்ந்து மூன்று வருஷம்கூட ஆகாதவள், இரண்டு அக்டோபராகத் தொடர்ந்து முதல் பரிசை அள்ளிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? பரிசு போனால் போகட்டும். ஆர்டிஸும் அல்லவா போய்விட்டாள்!

ஆர்டிஸ் அவன் மனைவி. எவனோடும் ஓடிப்போகவில்லை, பயப்படாதீர்கள். சனிக்கிழமை தவறாமல் காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு, "கைசா வீட்டுக்குப் போய்ட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவாள், அவ்வளவுதான். மத்தியானம் திரும்பி வரும்போது ஸ்வெட்டரில் ஆரஞ்சுத் தோல் வாசம் அடிக்கும். பீரில் போடுகிற ஹாப்ஸ் பூவின் வாசம் அது. வெர்லின் மூக்குக்குத் தெரியாதா?

"அங்க போய் அப்படி என்னதான் பண்றே?"

"பேசிட்டிருந்தோம்."

"பேசினா ஹாப்ஸ் வாசம் வருமா?"

"அவ கராஜ்ல உக்காந்து பேசினா வரும்," என்று சொல்லிவிட்டு ஆர்டிஸ் குளிக்கப் போய்விடுவாள்.

ஆரம்பித்த நாளாக வெர்லின் காய்ச்சுகிற ஒவ்வொரு பீரிலும் முதல் கிளாஸ் ஆர்டிஸுக்குத்தான். குடித்துவிட்டு மனசில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லுவாள். கசப்பு அதிகம், இனிப்பு தூக்கல், போன தடவை நன்றாக இருந்தது என்று எதையும் மறைக்க மாட்டாள். போன குளிர்காலத்தில் அவன் நீட்டிய கிளாஸை வாங்கி இரண்டு வாய் குடித்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கைசாவோடது அப்பதான் பறிச்ச மாதிரி இருக்கும் பாரு, அது இதுல இல்ல" என்றாள்.

முள் தொண்டையில் மாட்டியதுபோல அந்த வார்த்தை அப்படியே நின்றுவிட்டது. அப்பதான் பறிச்ச மாதிரியாம்!

அதன் ரகசியம் என்னவென்று வெர்லினுக்குத் தெரியாமல் இல்லை. இப்போது எல்லோரும் தலைமேல் வைத்து ஆடுகிற அந்தக் கலங்கல் பீருக்குக் காற்றுதான் எமன். புளித்து முடிந்த பீரைத் தொட்டியிலிருந்து பீப்பாய்க்கு மாற்றும்போது கொஞ்சம் காற்றுப் பட்டாலும் போச்சு. இரண்டே வாரத்தில் பொன்னிறம் போய் அழுக்குத் தண்ணீர் நிறம் வந்துவிடும், ஆரஞ்சு வாசம் போய் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்துவிடும். அதனால் கைசா பீப்பாயில் விளிம்பு வரைக்கும் தண்ணீரை நிரப்பி, சோடாவில் போடுகிற கேஸைச் சிலிண்டரிலிருந்து விட்டு அந்தத் தண்ணீரை வெளியே தள்ளுவாள். கடைசிச் சொட்டும் போனபிறகு உள்ளே கேஸ் மட்டும்தான் இருக்கும், காற்றுக்கு இடமே கிடையாது. பிறகு மூடியைத் திறக்காமலே குழாய் வழியாகப் பீரை ஏற்றுவாள். வெர்லினோ பழைய ஆள். தொட்டியின் மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு ஒரு மூச்சு முகர்ந்து பார்த்து, ரப்பர் குழாயைப் போட்டுச் சளசளவென்று இறக்குவான். "நான் பீர் காய்ச்சறேன், ஆபரேஷன் பண்ணல" என்று சங்கத்தில் சொல்லிச் சிரிப்பான். சிரிப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆரம்ப காலத்தில் ஆர்டிஸ் எத்தனையோ தடவை கராஜ் வாசலில் வந்து நின்று, "நானும் ஒரு தடவ கிண்டட்டுமா வெர்?" என்று கேட்டிருக்கிறாள். "தள்ளு, தள்ளு, நீ தொட்டா கெட்டுடும்" என்பான் இவன். வேடிக்கையாகத்தான் சொன்னான். சொல்லிச் சொல்லி அவள் கேட்பதையே விட்டுவிட்டாள், அது இவன் கவனத்தில்கூட இல்லை.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை. லூத்தரன் சர்ச்சில் யாருக்கோ இறுதிச் சடங்கு; ஹாம் சாண்ட்விச் பரிமாற ஆர்டிஸ் கைசா வீட்டிலிருந்து நேராக அங்கே போய்விட்டாள். பதினோரு மணி வாக்கில் கைசாவே வந்து கதவைத் தட்டினாள்.

"வெர்லின், ஒரு உதவி. என் கேஸ் சிலிண்டர் காலி. பீப்பாய்த் தண்ணிய வெளியே தள்றதுக்கே எல்லாம் தீந்துபோச்சு. கடை இனிமே திங்கக்கிழமதான். உங்களோடத ஒரு நாள் குடுப்பீங்களா?"

"குடுக்காம? அக்கம்பக்கத்துல இருந்துக்கிட்டு இதுகூடச் செய்யலன்னா எப்படி?" என்றான் வெர்லின். வாயெல்லாம் தேன். சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு அவனே கூட நடந்தான். அவளுடைய கராஜுக்குள் ஒரு தடவையாவது நுழைந்து பார்க்க வேண்டும் என்று அவனுக்கு எவ்வளவு நாள் ஆசை!

உள்ளே பார்த்ததும் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. தரை பளபளவென்று இருந்தது. குழாய்கள் எல்லாம் சுருட்டி ஆணியில் தொங்கின. மூலையில் ஒரு தொட்டி நிறையப் பீர். அதன் பக்கத்தில் எஃகுப் பீப்பாய் ஒன்று, நீல டேப்பில் தேதி மட்டும் எழுதி ஒட்டியிருந்தது. பக்கத்து நாற்காலியில் ஆர்டிஸின் கையுறைகள் கிடந்தன. தன் வீட்டில் எங்கு வேண்டுமானாலும் போட்டுவிட்டுத் தேடுகிறவள், இங்கே எவ்வளவு சுவாதீனமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் பார் என்று நினைத்துக்கொண்டான்.

"இதான் போட்டிக்கா?" என்றான்.

கைசா ஒரு சிரிப்புச் சிரித்தாள். எதையோ வாய்க்குள் அடக்கிக்கொள்கிற சிரிப்பு. "ஆமா, போட்டிக்குத்தான். ரெண்டு மணிக்கு மாத்தணும். பீப்பாய் சுத்தமா ரெடியா இருக்கு, உள்ள துளி காத்து கிடையாது. தயவுசெஞ்சு அத மட்டும் தொட்டுடாதீங்க."

தொடக்கூடாதாம். இருபத்தாறு வருஷம் காய்ச்சினவனிடம் சொல்கிறாள்! அந்தச் சிரிப்பு வேறு. திமிர் பிடித்தவள், இந்த வருஷமும் எனக்குத்தான் என்று நினைத்துச் சிரிக்கிறாள் என்று வெர்லினுக்கு உள்ளே கொதித்தது.

"உங்க சிலிண்டர மாட்டணும்னா இந்த நட்டுக்குப் பெரிய ஸ்பானர் வேணும். வீட்டுக்குள்ள இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுக் கைசா போனாள்.

அப்புறம் வெர்லின் செய்ததை நியாயப்படுத்த நான் வரவில்லை. பீப்பாய் மூடியின் கொக்கியை நிமிர்த்தினான். உஸ்ஸென்று கேஸ் வெளியே வந்தது. மூடியை எடுத்தான். எடுத்ததோடு விட்டானா? அந்த மூடியாலேயே பீப்பாயின் வாய்க்குள் காற்றை விசிறினான். பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது என்பதுதான் இதிலுள்ள சௌகரியம். கேஸுக்கும் நிறமில்லை, காற்றுக்கும் நிறமில்லை. ஒரு நிமிஷம் விசிறிவிட்டு மூடியைப் போட்டு, தன் சிலிண்டரைக் கையாலேயே மாட்டித் திறந்து கொஞ்சம் கேஸை ஏற்றினான், மூடி இறுக வேண்டுமே! கைசா ஸ்பானரோடு திரும்பி வந்தபோது ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நட்டு கையாலயே இறுகிடுச்சு," என்றான்.

"ரொம்ப தேங்க்ஸ் வெர்லின். நீங்க இல்லன்னா இன்னைக்குப் பொழப்பு நாறியிருக்கும்," என்றாள் அவள்.

போட்டி வழக்கம்போல, பனித்தரையில் கல் உருட்டி விளையாடுகிற கர்லிங் கிளப்பின் மாடியில் நடந்தது. யார் பீர் என்று தெரியாமல் எண் போட்டுத்தான் மேஜைக்கு வரும். தன் பீர் இருக்கிற மேஜையில் தானே நடுவராக உட்காரக்கூடாது. வெர்லின் தன்னுடைய பழுப்புப் பீரை வேறு பிரிவில் போட்டுவிட்டு, கலங்கல் பீர் மேஜைக்குத் தானாகவே பெயர் கொடுத்தான். கைசா வருஷா வருஷம் ஜெயிக்கிற மேஜை அது.

ஆறாவது கிளாஸ் வந்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. பொன்னிறம் போய்ப் பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. முகர்ந்தான். நனைந்த அட்டைப்பெட்டி! அந்த நாற்றம் அவனுக்கு அன்றைக்கு மல்லிகை மாதிரி மணத்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடுவர் லாய்டு உச்சுக்கொட்டினான். "ஐயோ பாவம், அடியில நல்ல பீர் தெரியுதுப்பா. நல்லாக் காய்ச்சியிருக்காங்க. மாத்தறப்பதான் எங்கேயோ காத்து பூந்துடுச்சு."

"பாவம் என்ன பாவம்? தெரியாதவங்க எதுக்கு வரணும்?" என்று சொல்லிவிட்டு வெர்லின் மதிப்பெண் தாளை இழுத்தான். ஐம்பதுக்குப் பத்தொன்பது போட்டான். கீழே குறிப்பு எழுத வேண்டிய இடத்தில் மற்றவர்களுக்கெல்லாம் இரண்டு வரி எழுதியவன், இதற்கு இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினான். 'இதைச் செய்தவருக்குப் பீரை மாற்றத் தெரியாது. கவனமில்லாத கை. எவ்வளவு முயன்றாலும் இந்தக் கைக்கு இந்த வேலை வராது. வேறு பொழுதுபோக்கு பார்த்துக்கொள்ளலாம்.' விதிப்படி அடியில் கையெழுத்தும் போட்டான்.

சாயங்காலம் பரிசு அறிவித்தார்கள். கறுப்புப் பீரில் முதல் பரிசு கைசா கிவெலாவுக்கு! வெர்லினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கறுப்புப் பீரா? இவள் எப்போது கறுப்புப் பீர் செய்தாள்? அப்படியானால் அந்தக் கலங்கல்? அவன் பழுப்புப் பீருக்கு மூன்றாமிடம் கிடைத்ததுகூட அவன் காதில் ஏறவில்லை.

பிறகு அவரவர் மதிப்பெண் தாள்களை உறையில் போட்டுப் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். லாய்டுதான் கூப்பிட்டான். "ஆர்டிஸ் ஸ்லெட்டன்! அடேங்கப்பா, நம்ம ஆர்டிஸா? சொல்லவே இல்லையே!"

மேஜைகளிலிருந்து கைதட்டினார்கள். ஆர்டிஸ் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முகம் சிவந்து எழுந்து போய் உறையை வாங்கிக்கொண்டு வந்தாள். வெர்லின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முழங்கையில் இடித்தாள்.

"அசந்துட்டியா? ஒரு வருஷமா சனிக்கிழமையெல்லாம் கத்துக்கிட்டேன். இது முழுக்க என் கையால. பீப்பாயக்கூட நான்தான் தயார் பண்ணேன். கைசா சும்மா நின்னு பாத்ததோட சரி. நீ குடிச்சுப் பாத்து, இது யாரோடதுன்னு கேக்கணும், நான் சொல்லணும்னு ஆசை."

"வீட்டுக்குப் போய்ப் பிரி" என்று வெர்லின் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் பிரித்துவிட்டாள். லாய்டின் தாளைப் படித்தாள். அடுத்த தாளைப் படித்தாள். கையெழுத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. முப்பத்தொரு வருஷமாகக் கடைச் சாமான் பட்டியலில் பார்த்துப் பழகிய எழுத்து. ஓரத்தில் எழுதியிருந்ததையும் தாளைத் திருப்பிப் படித்தாள். மடித்து உறைக்குள் வைத்தாள்.

காரில் வரும்போது அவன்தான் முதலில் பேசினான். "ஆர்டிஸ், எனக்குத் தெரியாது. உன்னோடதுன்னு..."

"தெரியாம எழுதினதாலதான் அது உண்மை," என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. "தெரிஞ்சிருந்தா நல்லாருக்குன்னு எழுதியிருப்பே. அன்னைக்கு ஒரு சொட்டுகூடச் சலசலக்காமத்தான் ஏத்தினேன் வெர். எங்க விட்டேன்னே தெரியல. கைசாவும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தா. அவ செஞ்சா வருது, நான் செஞ்சா வரல."

அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னானா? பாலத்தின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு காரை ஓட்டினான்.

அடுத்த சனிக்கிழமை ஆர்டிஸ் எங்கும் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வீட்டில்தான் இருந்தாள். தன் பீரை முழுக்கச் சாக்கடையில் கொட்டிவிட்டு, இரவல் வாங்கியிருந்த தொட்டியைக் கைசாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். கைசா இரண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்தாள். "எனக்கு வராததுல என்ன பிடிவாதம்?" என்று ஆர்டிஸ் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். இப்போது சோபாவில் வெர்லின் பக்கத்தில் உட்கார்ந்து அவனுடைய பழுப்புப் பீரைத்தான் குடித்தாள். கைசா என்ற பேச்சே வீட்டில் இல்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், முதல் வாரம் வெர்லினுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. இதைத்தானே கேட்டான்? கிடைத்துவிட்டது.

இரண்டாவது வாரம் புதிதாக ஒன்றைப் பீப்பாயில் ஏற்றி முதல் கிளாஸை நீட்டினான். குடித்தாள். "நல்லா இருக்கு," என்றாள்.

அவன் நாக்குக்கே தெரிந்தது, கசப்பு எக்கச்சக்கம். "கசப்பு ஜாஸ்தி இல்ல?"

"எனக்கென்ன தெரியும்? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

முப்பத்தொரு வருஷத்தில் ஆர்டிஸ் அப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை. வாயில் இருந்த பீரை விழுங்கப் பிடிக்கவில்லை அவனுக்கு.

நவம்பர் நடுவில், முதல் பெரிய பனி விழுந்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கராஜில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அவள் எதையோ கேட்க வாசலில் வந்து நின்றாள். வெர்லின் கரண்டியை நீட்டினான்.

"வா, இன்னைக்கு நீ கிண்டு."

ஆர்டிஸ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். "வேணாம் வெர். நான் தொட்டா கெட்டுடும்."

வேடிக்கையாகச் சொல்லவில்லை அவள். நிஜமாகவே நம்பிச் சொன்னாள். வெர்லின் அடுப்பை அணைத்தான்.

"நான்தான் கெடுத்தேன்," என்றான்.

"எத?"

"உன் பீர. அன்னைக்கு நீ சர்ச்சுல இருந்தப்ப நான் சிலிண்டர் எடுத்துட்டுப் போனேன்ல. கைசா ஸ்பானர் எடுக்க உள்ள போனா. நான் அந்தப் பீப்பாய் மூடியத் திறந்துட்டேன்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சேதான். காத்து உள்ள போகட்டும்னு. அவளோடதுன்னு நெனச்சேன். நீ அவ பீரத்தான பெருசா சொல்வே, அவ வீடே கதின்னு கிடந்தே. தாங்கல எனக்கு. எரிச்சல்ல செஞ்சுட்டேன்."

அறை விழும் என்று எதிர்பார்த்தான். கத்துவாள், அழுவாள், கரண்டியைப் பிடுங்கி எறிவாள் என்று தயாராகத்தான் நின்றான். ஆர்டிஸ் புருவத்தைச் சுருக்கி என்னவோ கணக்குப் போட்டாள்.

"எவ்ளோ நேரம் திறந்திருந்தது?"

"ஒரு நிமிஷம் இருக்கும். மூடியால விசிறி வேற விட்டேன்."

"ஒரு நிமிஷமா? விசிறியா?" அவள் கை முதுகிலிருந்து முன்னால் வந்தது. "அப்ப குழாய்ல தப்பில்ல. நான் ஏத்தினதுலயும் தப்பில்ல. அவ்ளோ காத்துக்கப்புறமும் அடியில நல்ல பீர் தெரியுதுன்னு லாய்டு எழுதியிருக்கான்! வெர், நான் சரியாத்தான் பண்ணியிருக்கேன்!"

அவள் முகம் மலர்ந்ததை வெர்லின் பார்த்தான். அதற்குமேல் அவனால் பார்க்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். அவள் அதற்குள் உள்ளே போய்ப் பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போறே?"

"கைசாகிட்டதான். அந்தத் தொட்டிய அவ வேற யாருக்காவது குடுத்துடப் போறா."

"ஆர்டிஸ், என்னை ஏதாவது சொல்லிட்டுப் போ. திட்டவாவது திட்டு."

"உன்னைத் திட்டறதுக்கு இந்தக் குளிர்காலம் முழுக்க இருக்கு. விட்டுடுவேன்னு நெனைக்காதே. இப்ப எனக்கு வேல இருக்கு, வழிய விடு," என்றாள்.

கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். ஐம்பத்தெட்டு வயசுப் பொம்பளை, முழங்கால் பனியில் புதையப் புதைய, கிட்டத்தட்ட ஓட்டமாகப் போனாள். கைசா வீட்டுப் பக்கத்திலிருந்து பேச்சுக் குரல் கேட்டது, அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. அணைந்த அடுப்புப் பக்கத்தில் வெர்லின் நின்றுகொண்டிருந்தான். அப்போதும்கூட, மானங்கெட்டவன், அவனுக்குக் கைசா மேல்தான் பொறாமையாக இருந்தது.